நீர் நிற்க வாடும் நெல்

பூநகரிக் கரையோர வயல்கள் சிலவற்றில், வரம்புக்குள் நீர் நிற்கவும் நெல் வாடுவதுண்டு. மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர்பெற்ற அம்மண்ணிலே கடல்நீரேரியின் உவர் ஏறிவிட்டால், நாற்றின் இலைநுனி சுருண்டு வெளிறும்; தப்பிக் கதிர் ஈன்றாலும் பதரே மிகும். காலடியில் நீரிருக்கப் பயிர் ஏன் வாடவேண்டும்?

விடை கலத்தினுள் இருக்கின்றது. உயிர்க்கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு நீரை எளிதில் செல்லவிடும். உப்பை அவ்வாறு விடாது. வெளியே உப்பு மிகுந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். இதனைப் பிரசாரணம் என்பர். ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவதும் இதனாலேயே.

நீர் குறையுமிடத்து இடருறுவன புரதங்கள். புரதம் என்றவுடன் பருப்பும் மீனும் நினைவுக்கு வருதல் இயல்பு. இங்கே கூறப்படுவன கலத்தின் வேலையாட்கள். மணி கோத்த மாலை போன்ற நீண்ட சங்கிலியொன்று தனக்குரிய வடிவில் மடிந்தாலன்றித் தொழில் செய்யாது. அம்மடிப்பு நிலைப்பதற்குச் சூழ்ந்துள்ள நீர் பெருந்துணை. நீர் அகன்று சோடியமும் புகுந்துவிட்டால் நொதியங்கள் சோர்வுறும். வடிவு குலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்.

கலமோ வாளா இருப்பதில்லை. மென்சவ்விற் பதிந்த சில புரதங்கள் நீரிழப்பை உணர்ந்து வாயில் திறக்க, கல்சியம் உட்புகுந்து செய்தி அறிவிக்கும். அத்தகைய புரதம் ஒன்று 2014இல் ஒரு சிறு செடியில் இனங்காணப்பட்டது. செய்தி எட்டியதும் புரோலின் முதலிய சிறு பொருள்களைக் கலம் சேர்த்துக்கொள்ளும். அவை நீரை உள்ளே நிறுத்துவதோடு புரதங்களின் மடிப்பையும் காக்கும். குலைந்தவற்றை மீண்டும் மடிக்கத் துணைப்புரதங்களும் முனையும்.

உப்பளத்து நுண்ணுயிர்கள் சிலவற்றின் வழியோ வேறு. அதே கிளிநொச்சி மாவட்டத்தில் ஆனையிறவில் உள்ளது போன்ற உப்பளங்களில், உப்பு விளையுந் தறுவாயில் பாத்திநீர் செந்நிறங்கொள்வதற்குக் காரணமான உயிர்களுள் ஒன்று ஆலோபற்றீரியம். அது பொற்றாசியம் குளோரைட்டைத் தன் கலத்தினுள்ளேயே நிறைத்துக்கொள்கின்றது. அதன் புரதங்களின் மேற்பரப்பில் மறையேற்றங்கொண்ட அமினோ அமிலங்கள் மிகுதி. ஆதலால் அவை அத்துணை உப்பிலும் நீரைப் பற்றி நிற்கும். நன்னீரில் இட்டாலோ புரதங்கள் குலைந்து கலம் வெடித்துவிடும். நமக்கு அமுதமாவது அதற்கு நஞ்சு!

நெல் அவ்வழியிற் செல்ல இயலாது. தன் புரதங்கள் அனைத்தையுமே அது மாற்றவேண்டியிருக்கும். உப்பை இலைக்குச் செல்லவிடாமையே நெல்லின் திறம். வங்காளத்து உவர்நில நெல்லாகிய நோனா பொக்ராவில், இதற்கு உதவும் புரதத்தின் மரபணுவை ஆய்வாளர் 2005இல் கண்டறிந்தனர். வேரிலிருந்து மேலேறும் சாற்றினின்று சோடியத்தை மீட்டெடுப்பது அப்புரதத்தின் பணி. கேரளத்துப் பொக்காளி நெல்லும் உவர் தாங்குவதிற் பெயர்பெற்றதே.

ஆயினும் தாங்கும் ஆற்றலுக்கு எல்லை உண்டு. நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் நெல்லுக்கு மிக நொய்ய காலங்கள். காலபோக மழை உவரைக் கழுவி இறக்கிய பின்னர், பூக்கும் வேளையில் மழை நின்று உவர் மீண்டும் மேலேறினால், உவர் தாங்கும் இனத்திலும் பதர் விழும். ஆகவே விதைநெல்லை மாற்றுவதால் மட்டும் பூநகரி விவசாயியின் கவலை தீர்ந்துவிடாது; கடல்நீரை மறிக்கும் அணையும், மழைநீரை வயலில் நிறுத்தும் வரம்பும் உடன் வேண்டும்.