பிழைக்குப் பின் ஒரு துணை



மருத்துவமனையில் ஒரு பிழை நேர்ந்தால் முதலில் துன்புறுபவர் நோயாளி. அவரோடு துன்புறுபவர் அவர்தம் குடும்பத்தார். இதில் ஐயமில்லை. ஆயின், தம் கையால் தீங்கு நேர்ந்துவிட்டதே என்று உறக்கமின்றிக் குமைகின்ற மருத்துவரையும் செவிலியரையும் நாம் நினைத்துப் பார்ப்பது அரிது.

அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு சிறு கட்டுரை இதனை உலகுக்கு உணர்த்திற்று. அவர் பயிற்சி மருத்துவராயிருந்தபோது, உடன் பணியாற்றிய ஒருவர் இதய உறையில் நீர்மம் தேங்கி இதயத்தை நெருக்கியதன் அறிகுறியை மின்வரைபடத்தில் காணத் தவறினார். இரவில் நோயாளியை அறுவைக் கூடத்திற்கு விரைந்து கொண்டுசெல்ல நேர்ந்தது. தோழர்கள் அம்மருத்துவரைத் திறமையற்றவர் எனத் தீர்ப்பிட்டனர். பரிவு காட்டியவர் அரியர். தாமும் அவ்வாறே தவறியிருக்கக் கூடுமோ என்ற எண்ணம் வூவின் உள்ளத்தில் மறைவாக எழுந்தது. இத்தகையோரை அவர் 'இரண்டாவது பாதிக்கப்பட்டோர்' என்றார்.

இவர்களைத் தேற்றுவது எதற்காக? கலங்கிய மனத்துடன் பணிபுரிபவரால் அடுத்த நோயாளிக்கும் இடர் விளையலாம். மேலும், இகழ்ச்சிக்கு அஞ்சுபவர் பிழையை மறைப்பார். மறைக்கப்பட்ட பிழை மீண்டும் நிகழும்.

இதனை உணர்ந்து, மிசூரிப் பல்கலைக்கழக மருத்துவமனை 2009-இல் மூன்று படிகளில் உதவி அமைத்தது. அருகில் பணிபுரிவோர் காட்டும் பரிவு முதற்படி. பயிற்சி பெற்ற சக ஊழியரின் துணை இரண்டாம் படி. உளநல வல்லுநர் போன்றோரின் உதவி மூன்றாம் படி. பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலும் 2011-இல் இத்தகைய குழு தோன்றிற்று. அழைத்தவுடன் வருவோர் பிழையை ஆராய்வதில்லை, செவிசாய்க்கின்றனர், கேட்டதை வெளியிடுவதுமில்லை.

ஆயினும், 2019-இல் பிழைகளால் உறவினரை இழந்தோர் சிலர் மேற்சொன்ன பெயரையே மறுத்தனர். அது பொறுப்பை மறைத்துவிடும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆறுதல் வேறு, மன்னித்து மறைத்தல் வேறு. குடும்பத்தாரிடம் உண்மையை உரைத்து, வருத்தம் தெரிவித்து, பிழையின் காரணத்தைக் களைதல் கடமை. அக்கடமையைச் செய்யும் துணிவை ஒருவருக்கு அளிப்பதே உண்மையான ஆறுதல்.

உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம். தோழர் ஒருவர் தவறி நிற்கும்போது, தீர்ப்புக் கூற விரையாதீர்கள். முதலில் அருகில் சென்று அமருங்கள்.