பட்டணத்தில் எங்கே தங்குவது?

பள்ளி இறுதி வகுப்பையோ கல்லூரிப் படிப்பையோ முடிக்கும் தறுவாயில் நம் பக்கத்து இளைஞர் பலர் முதன்முறையாகச் சென்னைக்குப் புறப்படுகின்றனர். ஒருவருக்கு நேர்முகத் தேர்வு. மற்றொருவருக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. இன்னொருவருக்கு மேற்படிப்பில் இடம். எம். புதுப்பட்டியில் பேருந்து ஏறி, சிவகாசியில் ரயில் பிடித்தால், விடியும்பொழுது பட்டணம் வந்துவிடுகிறது. பயணச் சீட்டு, சான்றிதழ், உடுப்பு, வழிக்குக் கட்டுச்சோறு ஆகிய யாவற்றையும் பத்து நாள் முன்னதாகவே எண்ணிப் பார்ப்பவர்கள், தலைசாய்க்கும் இடத்தை மட்டும் ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகின்றனர். தீப்பெட்டி ஆலையிலும் பட்டாசு ஆலையிலும் பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணம் வழியில் கரைவதும், குறித்த மணிக்குக் குறித்த இடத்தில் போய் நிற்க இயலாமற் போவதும் பல வேளைகளில் இந்த ஒன்றினால்தான். ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

நம் தாத்தாமார் இதை ‘ஜாகை’ என்றனர். வெளியூரில் தங்குமிடத்துக்கு அவர்கள் வழங்கிய சொல் அது. ‘ஜாகை எங்கே?’ என்பதுதான் பட்டணம் போகிறவனிடம் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. வந்த வேலை என்ன என்பது இரண்டாவதுதான். அக்காலத்தில் வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் இருந்தன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இராணி மங்கம்மாள் பெயரால் விளங்கும் சத்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னையிலும் சென்ட்ரல் நிலையத்தை அடுத்து ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் எழுந்தது. வந்து இறங்குபவன் மூட்டையைச் சுமந்து நெடுந்தூரம் அலையாதிருக்க வேண்டும் என்பதுதான் அதைக் கட்டியவர்களின் எண்ணம்.

நம் பகுதிக்கென்றே ஓர் ஏற்பாடும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களின் நாடார் வணிகர்கள் மாட்டுவண்டிகளில் சரக்கேற்றி வெளியூர் சென்றனர். வழியில் கள்வர் பயம். போன ஊரில் தெரிந்த முகம் இல்லை. எனவே பேட்டைகளை அமைத்தனர். சுற்றுமதில் சூழ்ந்த ஓர் இடம். உள்ளே வண்டியும் மாடும் சரக்கும் ஆளும் இரவைக் கழிக்கலாம். ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கை எடுத்துவைக்கும் மகமை நிதியால் அவை நடந்தன, உறவின்முறையார் நிர்வகித்தனர். அதே மகமைதான் விருதுநகரில் 1889இல் ஷத்திரிய வித்தியாசாலையாகவும் மலர்ந்தது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். பேட்டையில் மெத்தையும் கட்டிலும் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. கதவும், கதவுக்குப் பொறுப்பான ஓர் ஆளும் இருந்தன. தொழில் நடக்கும் சந்தைக்கு அது அருகில் இருந்தது. தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய முறை இவ்விரண்டிலுமே அடங்கிவிட்டதாக நான் கருதுகிறேன்.

தொழிலுக்கு அருகில் என்பதைக் கணிதமேதை இராமானுஜன் வாழ்விலிருந்து காட்டலாம். கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1912 மார்ச் முதல் தேதியன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அப்பொழுது அவர் குடியிருந்தது ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெரு, துறைமுகம் பக்கத்தில். மறு ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. உடனே ஜாகையும் மாறியது: திருவல்லிக்கேணியில் அனுமந்தராயன் கோயில் சந்து. அங்கிருந்து பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும் நடந்து செல்லும் தூரம். எண்களைப் பற்றி நினைப்பதற்கு வேண்டிய நேரத்தை டிராம் வண்டியில் செலவழிக்க அவர் விரும்பியிருக்க மாட்டார்.

சரி, இன்றைய சென்னைக்கு வருவோம். அந்நகரின் வாசல் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். உங்கள் தாத்தா பேருந்தில் சென்றிருந்தால் பிராட்வேயில் இறங்கியிருப்பார். உயர்நீதிமன்றம் எதிரே தெரியும். தந்தை காலத்தில், 2002 முதல், கோயம்பேடு. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டத்துப் பேருந்துகள் இப்பொழுது அங்கேதான் நிற்கின்றன. நகரின் நடுப்பகுதியோ அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஆகவே, ‘கோயம்பேட்டில் இறங்கியதும் எதிரிலேயே விடுதி’ என்று சித்தப்பா சொன்ன யோசனை, அவர் காலத்தில் சரி. இன்று அதைப் பின்பற்றினால் அதிகாலையில் மற்றொரு பிரயாணம் செய்ய வேண்டிவரும். ரயிலிலும் இதே எச்சரிக்கை வேண்டும். செங்கோட்டையிலிருந்து சிவகாசி வழியாகச் செல்லும் பொதிகை எழும்பூர் வண்டி. வேறு சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும். இரண்டிற்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர். நிலையங்களில் கட்டட வேலை நடக்கும் நாட்களில் வண்டி நிற்குமிடமும் மாறுவதுண்டு. சீட்டில் அச்சிட்டிருக்கும் இறங்குமிடத்தை ஒரு முறைக்கு இருமுறை படியுங்கள்.

அடுத்து, காலையில் போய் நிற்க வேண்டிய இடம். அரசுப் பணியாளர் தேர்வாணையம் பூங்கா நகர்ப் பக்கம், பிராட்வேக்கு அருகில் இருக்கிறது. அங்கே வேலை இருப்பவருக்கு எழும்பூரும் சென்ட்ரலும் ஏற்றவை. எழும்பூர் கென்னட் சந்தில் தங்கும் விடுதிகள் வரிசையாக உள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்துக்கோ ஐ.ஐ.டி.க்கோ செல்பவர் எழும்பூரில் தங்குவது வீண் அலைச்சல். கிண்டி, சைதாப்பேட்டை, அடையாறு ஆகிய பகுதிகளைப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் தூரம் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. 2015 முதல் மெட்ரோவும் வந்துவிட்டது. பாதையோரத்து எட்டுக் கிலோமீட்டர், நெரிசல் சாலையின் மூன்று கிலோமீட்டரைவிடச் சில காலைகளில் அருகில் இருக்கும்.

வாடகையைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். விடியற்காலை 5 மணிக்கு இறங்கி, அன்று இரவு வண்டியிலேயே திரும்புகிறீர்கள். அறை வாடகை 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சில விடுதிகளில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி ஒரு நாள். அங்கே 800 ரூபாயோடு முடிந்தது. வேறு சில விடுதிகளில் நண்பகல் 12 மணியோடு நாள் முடிந்துவிடும். காலை 5 முதல் 12 வரை ஒரு நாள், அதன்பின் மாலை வரை மற்றொரு நாள், ஆக 1,600. அதே அறை, அதே கட்டில்! ஆதலால் வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன் ‘24 மணிக் கணக்கா, 12 மணிக் கணக்கா?’ என்று கேளுங்கள். வரி உட்படவா என்றும் கேளுங்கள். 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு இருந்த வரிவிலக்கு 2022 ஜூலை 18 அன்று நீங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கு 5 விழுக்காடு வரி. ஒரு பகல் வேலைக்கு அறையே தேவையா என்பதும் யோசிக்கத் தக்கது. பெரிய ரயில் நிலையங்களில், உறுதியான சீட்டு உள்ளவர்களுக்கு ஓய்வறைகள் உண்டு. இணையவழியே பதிவு செய்யலாம். இடம் இருக்கிறதா என்று முன்னரே பார்த்துவிட வேண்டும். பெட்டியைப் பொருள் காப்பறையில் வைத்துவிட்டு, குளித்து உடைமாற்றிச் சென்று வந்தவர்கள் எத்தனையோ பேர்.

உறவினர் வீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், நல்லதுதான். முதன்முறை செல்பவருக்குத் தெரிந்த முகம் ஒரு பெருஞ்செல்வம். ஆயினும் மாமா வீடு ஆவடியிலும் உங்கள் தேர்வு அடையாற்றிலுமாக இருந்தால், தேர்வுக்கு முந்திய இரவு அறையில் தங்கிவிட்டு, முடிந்தபின் மாமா வீட்டுக்குப் போவதே முறை. விருந்தும் விடிய விடியப் பேச்சும் தேர்வுக்குப் பின் கூடுதலாகவே இனிக்கும். அத்தை கோபித்துக்கொள்வார், ஒரு பெட்டி பட்டாசு கொண்டுபோய்ச் சமாதானம் செய்யலாமே என்று எண்ணாதீர்கள். ரயிலில் பட்டாசு எடுத்துச் செல்வது குற்றம்.

சில நாள் தங்குவது வேறு, சில மாதம் தங்குவது வேறு. 1922இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்று, ஏறத்தாழ எட்டு மாதம் இருந்து திரும்பினார்கள். மறு ஆண்டே இங்கே தொழில் தொடங்கியது. அவ்வளவு காலம் தங்குவதற்கு நாள்வாடகை கட்டுப்படியாகாது. இன்று அத்தகைய ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்சன்கள் இருக்கின்றன. மாத வாடகை, சிற்றறை, கீழே மெஸ். பெண்களுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விடுதி நெடுங்காலமாக உள்ளது. தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் பணிபுரியும் மகளிருக்கென்று தாம்பரம், கூடுவாஞ்சேரி முதலிய இடங்களில் அமைந்துள்ளன. மகளைத் தனியே அனுப்பத் தயங்கும் பெற்றோர், பேட்டையில் இருந்தது போன்ற பொறுப்பான ஓர் ஆள் வாசலில் இருக்கிறாரா என்று தொலைபேசியில் பேசி அறிந்துகொள்வது நல்லது.

கடைசியாக அறை. இதில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிறரினும் கூர்மையான கண் இருக்க வேண்டும். பட்டாசு அறையொன்றில் நால்வருக்கு மேல் இருந்து வேலை செய்யலாகாது. ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் வேண்டும். கதவுகள் வெளிப்புறம் திறக்க வேண்டும் என்ற விதிகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நேர்ந்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை. ஆயினும் வெளியூர் சென்றதும் அந்தக் கண்ணை ஊரிலேயே விட்டுவிடுகிறோம். மதுரை கட்ராபாளையத்தில் 2024 செப்டம்பர் 12 அன்று விடியற்காலை, ஒரு மகளிர் விடுதியில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து மூண்ட தீயில் பெண்கள் உயிரிழந்தனர். கல்கத்தாவில் வணிகர்கள் தங்கும் படாபஜார்ப் பகுதியில் 2025 ஏப்ரல் 29 இரவு ஒரு விடுதியில் தீப்பிடித்து 14 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலரைக் கொன்றது புகை. விடுதிக்குப் பட்டாசு வேண்டியதில்லை. ஒரே படிக்கட்டும் அடைத்த சன்னலும் போதும்.

எனவே முன்பணம் கொடுக்கும் முன் மாடிக்குச் சென்று அறையைப் பாருங்கள். சன்னல் திறக்கிறதா? இரண்டாவது படிக்கட்டு உண்டா? உண்டென்றால் அதன் கதவைப் பூட்டி, பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா? அப்படியாயின் அடுத்த விடுதிக்கு நடங்கள், கூச்சம் வேண்டாம். நல்ல அறையாக அமைந்தால், விளக்கை அணைக்கும் முன் ஒருமுறை வெளியே வந்து, உங்கள் அறைக்கும் படிக்கட்டுக்கும் இடையே எத்தனை கதவுகள் இருக்கின்றன என்று, இருட்டில் கையால் தடவிப் போனாலும் தெரியும்படி எண்ணிக்கொண்டு, பிறகு உள்ளே சென்று தாழிட்டுப் படுங்கள்.