உங்களுக்குத் தெரியுமா? வெட்டிய மரத்தின் வேரும் சிறிது காலம் மலையைத் தாங்கும்

சரிவான நிலத்தின் மண், துகள்களுக்கிடையிலான உராய்வாலும் ஒட்டுதலாலும் நிலைத்து நிற்கிறது. பெருமழையில் துளைகள் நிரம்பி நீரழுத்தம் உயர்ந்து உராய்வு குறையும்போது, நழுவ முற்படும் மேல்மண்ணை அதனூடே ஓடும் வேர்களே இழுத்துப் பிடிக்கின்றன. இழுவிசையைத் தாங்காத மண்ணுக்கு வேர் செய்யும் உதவி, கான்கிரீட்டுக்குக் கம்பி செய்வதைப் போன்றது. இதில் வியப்புக்குரியது, ஒரே குறுக்குவெட்டுப் பரப்புக்குக் கணக்கிட்டால் பருத்த வேரைவிட மெல்லிய வேரே பொதுவாக வலிமை மிக்கது என்பதாகும்.

மரம் வீழ்ந்த அன்றே இப்பிடிப்பு அற்றுப்போவதில்லை. நியூசிலாந்தில் ரேடியாட்டா பைன் மரத்தின் சிறுவேர்கள், மரம் வெட்டப்பட்ட ஏறத்தாழ 15 மாதங்களில் தம் இழுவலிமையில் பாதியை இழப்பதாக அளந்தறியப்பட்டுள்ளது. பழைய வேர்கள் பூஞ்சைகளால் மட்கிவிட, புதிதாக நட்ட கன்றுகளின் வேர்கள் இன்னும் பின்னிப் பரவாத அந்தச் சில ஆண்டுகளே சரிவுக்கு மிக ஆபத்தானவை. 1988 மார்ச்சில் போலா புயல் அந்நாட்டு வடதீவின் கிழக்குப் பகுதியைத் தாக்கியபோது, 8 ஆண்டு கடந்த பைன் காடுகளைவிடப் புல்வெளிகளிலும் இளந்தோட்டங்களிலும் நிலச்சரிவுகள் பன்மடங்கு மிகுந்திருந்தன.

பாப்லர், வில்லோ போன்றவை வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மீண்டும் துளிர்ப்பதால், அவற்றின் வேர்த்தொகுதியில் பெரும்பகுதி உயிருடன் எஞ்சுகிறது. மண்காப்புக்கு அவை விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் வழுக்குத்தளம் பல மீட்டர் ஆழத்தில் அமைந்த பெருஞ்சரிவுகளில், அத்தளத்தை எட்டாத வேர்களால் பயன் மிகக் குறைவே.