எதிர்காலத்தில் நமக்கு என்ன வேலை?

நாளைய உலகம் நாசமாகிப் போனதாகக் கற்பனை செய்யும் ‘டிஸ்டோபியா’ படங்களை நான் ஒன்றுவிடாமல் பார்க்கிறவன். இந்தப் படங்களில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரடங்கு, சோதனைச் சாவடி, அடையாள அட்டை, முள்வேலி முகாம் எல்லாம் இவற்றில் ‘எதிர்காலம்’. நம்மில் பலருக்கோ அது ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. 2009-ல் வவுனியா மெனிக் பாம் முகாமின் வேலிக்குள் இருந்தவர்களிடம் போய், “இப்படியெல்லாம் நாளைக்கு நடக்கலாம்” என்று பயம் காட்ட முடியுமா?

நம் அனுபவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சரி, அந்தக் கதையில் நாம் எங்கே இருக்கிறோம்?

ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ 1982-ல் வந்தது. அதில் காட்டப்படும் 2019-ம் வருஷத்து லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் திரும்பின பக்கமெல்லாம் ஆசிய முகங்கள். நூடுல்ஸ் கடை, ராட்சத விளம்பரத்தில் சிரிக்கும் ஜப்பானியப் பெண் என்று ஊரே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நாயகன், நாயகி, எதிராளி, கம்பெனி முதலாளி என முக்கியமான நாலு பேரும் வெள்ளையர்கள். ஊர் மாறிப்போச்சு என்று காட்ட நம்மைப் போன்றவர்களின் கூட்டம் தேவைப்படுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு என்ன கவலை என்று கேட்கப் படத்துக்கு நேரமில்லை.

“சினிமாதானே, கதை நல்லா இருந்தா போதாதா? நிறத்தை எதுக்குப் பார்க்கணும்?” என்று நண்பர்கள் கேட்பார்கள். 2012-ல் நடந்ததைச் சொல்கிறேன். ‘தி ஹங்கர் கேம்ஸ்’ படத்தில் ரூ என்ற சிறுமியாக அமாண்ட்லா ஸ்டென்பெர்க் நடித்தார். அவர் கறுப்பினத்தவர் என்பதற்காக ட்விட்டரில் சிலர் கொதித்தார்கள். இத்தனைக்கும் ரூவின் தோல் கரும்பழுப்பு நிறம் என்று நாவலிலேயே இருக்கிறது. அதைப் படித்தும் அவர்கள் மனசில் வேறொரு குழந்தைதான் இருந்தது. யார் சாவுக்கு அழுவது என்பதையும் பழக்கம்தான் முடிவு செய்கிறது. அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

மாற்ற முடியாத விஷயம் இல்லை இது. பி.டி. ஜேம்ஸ் 1992-ல் எழுதிய நாவலை வைத்து அல்ஃபோன்சோ குவாரோன் 2006-ல் ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ எடுத்தார். குழந்தையே பிறக்காத உலகம். 2027-ம் ஆண்டு பிரிட்டன். அகதிகளைக் கூண்டில் அடைக்கிறார்கள். நாவலில் கர்ப்பமாவது ஓர் ஆங்கிலேயப் பெண். குவாரோன் அவளை கீ என்ற கறுப்பின அகதிப் பெண்ணாக மாற்றினார். யாரை வேண்டாம் என்று நாடு விரட்டுகிறதோ அவள் வயிற்றில்தான் நாட்டின் நாளை இருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் மொத்தக் கதையின் அர்த்தமே மாறிவிட்டது. ஆனாலும் கீயின் ஊர், உறவு பற்றிப் படம் அதிகம் பேசுவதில்லை. அவளைக் காப்பாற்றும் ஆங்கிலேயரின் துக்கம்தான் நமக்கு நன்றாகத் தெரிகிறது.

என்னை உலுக்கியது வேறொரு காட்சி. 2003-ல் வந்த ‘தி மேட்ரிக்ஸ் ரெவல்யூஷன்ஸ்’ படத்தில் ஆளில்லாத ரயில் நிலையத்தில் ஓர் இந்தியக் குடும்பம் காத்திருக்கும். அப்பாவாக நடித்தவர் இலங்கை வம்சாவளியைச் சேர்ந்த பெர்னார்ட் ஒயிட். அப்பா, அம்மா, சதி என்ற மகள், மூன்று பேருமே கணினி நிரல்கள். சதிக்கு அந்த உலகத்தில் எந்த வேலையும் ஒதுக்கப்படவில்லை. வேலை இல்லாத நிரலை அழித்துவிடுவார்கள். அதனால் கடத்தல்காரனோடு பேரம் பேசி மகளை மட்டும் எல்லை தாண்டி அனுப்புகிறார்கள். அவர்கள் திரும்பிப் போக வேண்டும்.

நான் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கிறவன். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு வேலையோ வேறு வழியோ கிடைக்கவில்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ‘வேலை இல்லாவிட்டால் இடமில்லை’ என்ற சட்டம் எனக்கு அறிவியல் புனைகதை இல்லை. ஏஜென்டுக்குக் காசு கொடுத்துப் பிள்ளையை மட்டும் விமானம் ஏற்றிவிட்ட ஈழத்துப் பெற்றோருக்கும் அந்த ரயில் நிலையம் அந்நியமாக இருக்காது. படத்தில் அவர்கள் வந்துபோகும் நேரம் ரொம்பக் குறைவு. ஆனால் அவர்களுக்கு இழக்க ஒன்று இருக்கிறது. படத்தின் கடைசியில் வரும் சூரிய உதயம்கூட அந்தச் சதி உண்டாக்கியதுதான்.

அதனால் திரையில் எத்தனை பழுப்பு முகங்கள் என்று எண்ணுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கூட்டத்தில் நிறுத்தினாலும் கணக்கில் வந்துவிடும். அந்த ஆளுக்குப் பயப்படவும் ஆசைப்படவும் ஏதாவது இருக்கா, படம் முடியும்போது ஒரு நாளை மிச்சம் இருக்கா என்றுதான் பார்க்கிறேன்.

இங்கே பிறந்து வளர்கிற நம் பிள்ளைகளில் சிலர் எழுதுகிறார்கள், கேமரா பிடிக்கிறார்கள். “இதுக்கு எதுக்கு இவ்வளவு படிச்சே?” என்று கேட்காமல் இருப்போம். முகாமும் விசாவும் சோதனைச் சாவடியும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். எதிர்காலக் கதை எழுத அவர்களுக்குக் கற்பனை அதிகம்கூடத் தேவைப்படாது.