விழாத விரல்

"விழலை பாட்டி. அடுத்த விரலை வைங்க."

ரேஷன் கடை வரிசையில் நின்ற எவரும் இந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள். பாட்டி ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டுக் கட்டை விரலை வைக்கிறார். அதுவும் விழவில்லை. பின்னால் நிற்கும் பெண், "தலைமுடியில தேய்ச்சிட்டு வைங்க ஆயா, எண்ணெய்ப் பசை ஒட்டினா விழும்" என்று யோசனை சொல்கிறார். மேசை ஓரத்தில் இதற்கென்றே ஓர் ஈரத்துணி கிடக்கிறது. துடைத்து, தேய்த்து, அழுத்தி, மறுபடியும் வைத்துப் பார்க்கிறார்கள். அரிசியும் பருப்பும் இரண்டடி தூரத்தில்தான் இருக்கின்றன. விற்பனையாளருக்குப் பாட்டியைப் பல வருஷமாகத் தெரியும், பேரன் எந்த ஊரில் வேலை பார்க்கிறான் என்பதுகூடத் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்து பயனில்லை. கருவிக்குத் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்குக் கைரேகைப் பதிவு 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தோடு வந்தது. முதியோர் உதவித்தொகையைக் கிராமத்துக்கே கொண்டுவரும் வங்கி முகவரும் விரலைத்தான் கேட்கிறார். ஓய்வூதியம் வாங்குபவர் ஆண்டுக்கொரு முறை உயிரோடு இருப்பதை நிரூபிக்கவும் விரலைக் கேட்பது உண்டு. இந்த விரல் எப்போது கைவிடும் என்றால், பெரும்பாலும் வயதான பிறகு, உடம்பு முடியாமல் போன பிறகு. உதவி அதிகம் தேவைப்படும் காலமும் அதுதான்.

கைரேகை ஆயுள் முழுக்க மாறாது என்று பள்ளியில் படித்திருப்போம். வரிகளின் வடிவம் மாறாது என்பது உண்மைதான். ஆனால் அந்த வரிகளின் மேடு பள்ளம் தேயும். வயது ஏற ஏறத் தோல் வறண்டு, மீள்தன்மை குறைந்து, மேடுகள் தட்டையாகின்றன. சிமென்ட் குழைத்தவர், செங்கல் சுமந்தவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் ஆகியோருக்கு வயதாகும் முன்பே இது நடந்துவிடுகிறது. தோல் உரியும் கரப்பான் நோயும், விரல்களையே சிதைத்துவிடும் தொழுநோயும் தனிக்கதை.

மருந்தும் ரேகையை அழிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. 2008 டிசம்பரில் சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவர் உறவினர்களைப் பார்க்க அமெரிக்கா போனார். விமான நிலையத்தில் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். கருவியில் எதுவும் பதியவில்லை. நான்கு மணி நேரம் உட்காரவைத்து விசாரித்த பிறகே வெளியே விட்டார்கள். புற்றுநோய்க்காக அவர் கேப்சிடபின் என்ற மாத்திரையை நெடுநாளாகச் சாப்பிட்டு வந்தவர். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, வெடித்து, தோல் உரிவது அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு. அதில் ரேகையும் போய்விட்டது, அவரே அதைக் கவனித்திருக்கவில்லை. அவருடைய மருத்துவர் 2009இல் 'ஆனல்ஸ் ஆஃப் ஆங்காலஜி' இதழில் இதை எழுதி, இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் பயணம் போகும்போது மருத்துவரின் கடிதம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போகட்டும் என்று யோசனை சொன்னார்.

மார்பகப் புற்றுநோய்க்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் இங்கேயும் பரவலாகத் தரப்படும் மாத்திரைதான் அது. அதைச் சாப்பிடும் அம்மாவை ரேஷன் கடைக்கோ வங்கிக்கோ அழைத்துப் போகும் மகளுக்கு, விரல் ஏன் விழவில்லை என்று யார் சொல்லியிருப்பார்கள்?

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எரிச்சல்படுவது சுலபம். ஆனால் விதிக்கும் ஒரு நியாயம் உண்டு. ஜப்பானில் 2010 ஜூலையில், தோக்கியோவின் மிக வயதான ஆண் என்று பதிவேட்டில் இருந்த 111 வயதுக்காரரை வாழ்த்த அதிகாரிகள் போனார்கள். குடும்பத்தார் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார்கள். கடைசியில் போலீஸ் உள்ளே நுழைந்தபோது, படுக்கையில் கிடந்தது சுமார் 32 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவரின் உலர்ந்த உடல். அவர் பெயரில் ஓய்வூதியம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பதறிப்போன அரசு நாடு முழுக்கத் தேடச் சொன்னது. பதிவேட்டில் நூறு வயதைத் தாண்டி உயிரோடு இருப்பதாக எழுதப்பட்டவர்களில் 2,30,000க்கும் மேற்பட்டவர்கள் எங்கே என்றே தெரியவில்லை. பொதுப் பணத்தைக் கொடுப்பவர், வாங்குபவர் இருக்கிறாரா என்று ஆண்டுக்கொரு முறை கேட்பது தப்பில்லை. எப்படிக் கேட்கிறார் என்பதில்தான் சிக்கல்.

இந்தியாவில் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம் அந்தக் கேள்வியின் மாதம். பேச்சு வழக்கில் லைஃப் சர்டிபிகேட் என்றும், தாளில் வாழ்நாள் சான்று என்றும் அதற்குப் பெயர். கொடுக்கத் தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும், கொடுத்த பிறகு நிலுவையோடு வரும். தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர்கள் இதை 'நேர்காணல்' என்பார்கள். முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை, கத்திரி வெயிலில், மாவட்டமே கருவூல வாசலில் திரண்டு நிற்கும். 2023இல் இதை மாற்றி, அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் வந்தால் போதும் என்று ஆக்கினார்கள். கூட்டம் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரிந்தது. பணம் எதுவும் செலவழிக்காமல் செய்த இந்த ஒரு மாற்றம் பல முழங்கால்களைக் காப்பாற்றியிருக்கும்.

வீட்டிலிருந்தே சான்று கொடுக்க 2014 நவம்பர் 10 அன்று 'ஜீவன் பிரமாண்' வந்தது. ஆதார் எண், ஒரு கைரேகைக் கருவி, இணைய இணைப்பு இருந்தால் போதும். விரல் விழாதவர்களுக்குக் கண்ணின் கருவிழி. அதுவும் ஒத்துவராதவர்களுக்காக, 2021 நவம்பரில் கைப்பேசிக் கேமராவில் முகத்தைக் காட்டினால் போதும் என்ற வசதி சேர்ந்தது. நடமாட முடியாத லட்சக்கணக்கானவர்களுக்கு இது பெரிய உபகாரம், அதை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கும் அப்பா தூதரகத்துக்கு அலையாமல் சோபாவில் உட்கார்ந்தபடியே வேலையை முடிக்கலாம்.

ஆனால் முகத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கேமராவின் முன்னால் இருப்பது புகைப்படம் அல்ல, உயிருள்ள ஆள்தான் என்று செயலிக்குத் தெரிய வேண்டும். அதற்காகக் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார்?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அமில வீச்சுக்கு ஆளாகி முகமும் கண்களும் சிதைந்த பெண் ஒருவர் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோது, நேரில் ஆளே எதிரே நின்றும், கேமரா முன் கண்ணைச் சிமிட்டினால்தான் ஆயிற்று என்றார்கள். பார்வையற்றவர் ஒருவரும் தன் பங்குக்கு வழக்குத் தொடுத்திருந்தார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பளித்தது. இணையவழிச் சேவைகளை எட்டும் வசதி, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

கருவி வருவதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்றால், அதுவும் இல்லை. உத்தரப் பிரதேசத்து ஆசம்கர் மாவட்டத்தின் லால் பிஹாரி கதை ஊரறிந்தது. 1970களின் நடுவில், சேலை நெய்யும் தொழிலுக்கு வங்கிக் கடன் கேட்கப் போனவர், பதிவேட்டில் தான் இறந்துவிட்டதாக எழுதியிருப்பதைத் தெரிந்துகொண்டார். ஓர் ஏக்கருக்கும் குறைவான பங்கு நிலத்துக்காகச் சொந்தக்காரர்களே செய்த வேலை. ஒரு வரியைத் திருத்த அவர் படாத பாடு பட்டார். மனைவிக்கு விதவை ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டார். பெயருக்குப் பின்னால் 'மிருதக்', அதாவது காலமானவர், என்று சேர்த்துக்கொண்டார். தன்னைப் போலக் காகிதத்தில் செத்தவர்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார். அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலிலும் நின்றார், வேட்பாளர் ஆனால் உயிரோடு இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டிவருமே! 1994இல்தான் பதிவேடு அவருக்கு உயிர் கொடுத்தது.

ருமேனியாவில் இன்னும் மோசம். துருக்கியில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய 63 வயதுக்காரர் ஒருவர், ஊரில் தனக்கு மரணச் சான்று வாங்கப்பட்டிருப்பதை அறிந்து நீதிமன்றம் போனார். 2018 மார்ச்சில், மேல்முறையீட்டுக்கான கெடு முடிந்துவிட்டது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். நீதிபதியின் எதிரிலேயே அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஆக, காகிதமானாலும் கருவியானாலும் வழி அடைபடும் இடம் ஒன்றுதான். வழக்கத்துக்கு மாறான ஆள் ஒருவர் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதற்கு விதி இருக்கிறது, ஆனால் அந்த விதி கவுன்ட்டர் வரைக்கும் வந்து சேருவதில்லை.

அப்படி விதி இருக்கிறதா என்று சந்தேகப்படுபவர்கள் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையைப் பார்க்கலாம். படுத்த படுக்கையாக இருக்கும் ஓய்வூதியர் கையெழுத்துப் போட முடியாவிட்டால், விரல் ரேகை வைக்கலாம். விரலும் முடியாவிட்டால் கால் விரல் ரேகை வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரி. கால் விரலும் இயலாதென்றால், ஏதாவதொரு அடையாளக் கீறல் போதும். காகித காலத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து, கையில்லாதவருக்கு என்ன, காலும் அசையாதவருக்கு என்ன என்று ஒவ்வொரு படியாக யோசித்திருக்கிறார். 2017 நவம்பரில் அதே ரிசர்வ் வங்கி, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வாழ்நாள் சான்று உள்ளிட்ட வேலைகளை வீட்டு வாசலிலேயே முடித்துத் தரும்படி வங்கிகளுக்குச் சொன்னது. 2021 மார்ச்சில், ஜீவன் பிரமாணுக்கு ஆதார் கட்டாயமல்ல, விருப்பம்தான் என்று மத்திய அரசு அறிவித்தது.

ஆதாரிலேயும் அப்படித்தான். விரல் இல்லாதவர்களைக் கருவிழியை வைத்தும், கருவிழி பதியாதவர்களை விரலை வைத்தும், இரண்டும் இல்லாதவர்களை விதிவிலக்காகவும் சேர்க்கலாம் என்பது 2014 முதலே இருக்கும் வழிமுறை. ஆனாலும் 2023 டிசம்பரில், கேரளத்தின் குமரகத்தைச் சேர்ந்த விரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் கிடைக்க மத்திய இணை அமைச்சரே தலையிட வேண்டியிருந்தது. அவர் தலையிட்டதும் அலுவலர்கள் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்தார்கள். புது விதி எதுவும் போடவில்லை. பழைய விதியைத்தான் எடுத்துப் பார்த்தார்கள்.

கவுன்ட்டருக்குள் உட்கார்ந்திருப்பவரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். விதிவிலக்குக் கொடுத்து, நாளைக்கு அது தப்பாகிப்போனால் தணிக்கையில் அவர் கையெழுத்துத்தான் சிக்கும். "முடியாது, நாளைக்கு வாங்க" என்று சொன்னால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தவிர, சுற்றறிக்கையில் இருக்கும் கால் விரலுக்குக் கணினித் திரையில் பெட்டி இல்லை. திரையில் பெட்டி இல்லாத விஷயம் அலுவலகத்தில் இல்லாத விஷயம்தான். போன வருஷம் இருந்த அதிகாரிக்கு விவரம் தெரிந்திருக்கும், அவர் மாற்றலாகிப் போயிருப்பார்.

அதனால் விவரம் தெரிந்துகொள்ள வேண்டிய சுமை வரிசையில் நிற்பவர் தலையில் விழுகிறது. ஓய்வூதியம் தரும் வங்கியின் எந்தக் கிளையிலும் சான்று கொடுக்கலாம், கணக்கு இருக்கும் கிளைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தாளில் கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு தர வேண்டியது வங்கியின் கடமை. அதைக் கேட்டு வாங்காமல் வருபவர்கள்தான் பின்னால் அதிகம் அலைகிறார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயதைக் கடந்தவர்கள் நவம்பர் நெரிசலுக்குக் காத்திருக்காமல் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர்கள் ஆண்டின் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். வெளியே வர முடியாதவர்கள் தபால்காரரை வீட்டுக்கு அழைக்கலாம். 2020 நவம்பரில் அஞ்சலக வங்கி தொடங்கிய இந்தச் சேவைக்கு அப்போது கட்டணம் 70 ரூபாய்.

ரேஷனுக்கும் வழி இருக்கிறது. கடைக்கு வர முடியாதவர், தன் சார்பில் இன்னார் வாங்கலாம் என்று படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'தாயுமானவர்' திட்டம், 70 வயதைக் கடந்தவர்களின் வீட்டுக்கும் மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கும் பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக வந்தது.

கடைக்கு நடந்தே வர முடிகிற பாட்டிக்கு இதெல்லாம் தேவைப்படாமலும் போகலாம். பத்து விரலில் ஒன்றாவது மற்றவற்றைவிடக் கொஞ்சம் தெளிவாக இருக்கும். எந்த விரல் ஒருவருக்கு நன்றாகப் பதிகிறது என்று சோதித்துச் சொல்லும் ஏற்பாடு ஆதார் அமைப்பிலேயே உண்டு. அப்படி ஒன்று இருப்பது பாட்டிக்குத் தெரியாது. ஏழாவது முயற்சியில், இடது கை மோதிர விரலில், பச்சை விளக்கு எரிகிறது. வரிசையே மூச்சு விடுகிறது. "இந்த விரலை ஞாபகம் வச்சுக்கங்க பாட்டி, அடுத்த மாசமும் இதையே வைங்க" என்கிறார் விற்பனையாளர். பாட்டி அந்த விரலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். பிறகு முந்தானையால் துடைத்துவிட்டு, பைக்காகக் கையை நீட்டுகிறார்.