பொறியியற் கல்வியும் சமுதாய அறிவும்

ஆற்றின் குறுக்கே பாலம் அமைத்தலும், அணை கட்டி நீரைத் தேக்குதலும், மின்னாற்றலை ஊர்தோறும் கொண்டு சேர்த்தலும் பொறியாளரின் தொழில்களாம். இத்தொழில்களுக்குக் கணிதமும் பௌதிகமும் இன்றியமையாதன என்பதை யாவரும் அறிவர். ஆயின், பொறியியல் பயிலும் மாணவர் நாட்டு வரலாற்றையும் சமூகவியலையும் கற்பது எதற்கு என்னும் வினா பலர் உள்ளத்தில் எழுகின்றது. அவ்வினாவிற்கு விடை காணத் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் செல்வோம்.

தென்காசியில் விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பியவன் பராக்கிரம பாண்டியன். அவன் தொடங்கிய கோபுரத் திருப்பணி அவனுக்குப்பின் குலசேகர பாண்டியனால் நிறைவேற்றப்பட்டது. பராக்கிரமன் கல்லில் பொறித்துவைத்த பாடல்கள் நம் கருத்தைக் கவர்வன. பிற்காலத்தில் இக்கோயிலுக்குப் பழுது நேருமாயின், அதனைச் செப்பனிடுவோர் எவராயினும் அவர் அடியில் வீழ்ந்து வணங்குவதாக அம்மன்னன் கூறுகின்றான். முடியுடை வேந்தன் பிறவாத மக்களை இவ்வாறு இரந்து வேண்டியது ஏன்? கல்லும் சுண்ணமும் பாரத்தைத் தாங்கும். ஆனால் கட்டடத்தைக் காலந்தோறும் காப்பது மக்களின் மனமே என்பதை அவன் உணர்ந்திருந்தான்.

அவன் அஞ்சியவாறே நிகழ்ந்தது. அக்கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்றது. 1990ஆம் ஆண்டில்தான் ஒன்பது நிலைகளோடு, ஏறத்தாழ 180 அடி உயரத்திற்கு அது மீண்டும் எழுந்தது. கோபுரத்தை எவ்வாறு கட்டுவது என்பதைப் பொறியியல் கற்பிக்கும். அரசும் காலமும் மாறியபோது அதனைப் பேணுவார் யார் என்னும் கேள்வியை வரலாறே கற்பிக்கும்.

இனி நீரைப் பார்ப்போம். ஆனி, ஆடித் திங்களில் மேல்காற்று மலையைத் தழுவி வீச, குற்றாலத்தில் சாரல் பொழிகின்றது. அருவிகள் ஆர்ப்பரித்து வீழ்கின்றன. அந்நீரே சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கின்றது. இடையிலே அணைக்கட்டுகள் அந்நீரைக் கால்வாய்களில் திருப்பிக் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் நிரம்பினால் மிகுந்த நீர் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்தை அடைகின்றது. கரையின் அகலம், மடையின் அளவு, மறுகாலின் உயரம் ஆகிய யாவும் கணக்கிற்கு உட்பட்டவை. ஆயினும், இவ்வமைப்பை உயிரோடு வைத்திருந்தது கணக்கு மட்டுமன்று. ஊரார் வகுத்துக்கொண்ட ஒழுங்குமாகும். கோடையில் ஊரார் ஒன்றுகூடித் தூர் அகற்றினர், கரையை உயர்த்தினர். இதனைக் குடிமராமத்து என்பர். எந்த வயலுக்கு எப்பொழுது நீர் விடுவது என்பதை நீர்பாய்ச்சி முறைப்படி நடத்தினான். இவ்வொழுங்கு தளர்ந்த இடங்களில் குளங்கள் மேடிட்டன. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இவ்வேலைக்கெனச் சட்டமே இயற்ற நேர்ந்தது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயராலேயே புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

எனினும், பழமை முழுவதும் போற்றத் தக்கதன்று. நம் நாட்டில் பொதுக் கிணற்றில் நீர் முகக்கவும் பொதுக் குளத்தில் இறங்கவும் மக்களுள் ஒரு சாரார் பிறப்பின் காரணமாகத் தடுக்கப்பட்டனர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, கிணறு, குளம், குளிக்கும் துறை ஆகியவற்றில் இத்தகைய தடையை விலக்கியது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. ஓர் ஊருக்குக் குடிநீர்க் குழாய் அமைக்கும் பொறியாளர் இதனை அறியாதிருந்தால் என்ன ஆகும்? நீர்த்தொட்டியை எத்தெருவில் வைப்பது, கடைசி வீட்டிற்கும் நீர் ஏறுமா என்பவற்றை அவர் வரைபடத்தில் மட்டும் காண்பார். குழாயின் விட்டம் சரியாகவே இருக்கும், நீதியோ தவறிவிடும். மக்களின் வாழ்க்கையை ஆராயும் சமூகவியல் அப்பிழையைத் தடுக்கும்.

நம் நாட்டுப் பொறியியற் கல்வியின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1794இல் சென்னையில் தோன்றிய நில அளவைப் பள்ளியே பின்னர்க் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. கும்பினி ஆட்சிக்கு வேண்டிய அளவையாளரைப் பயிற்றுவதே அதன் தொடக்க நோக்கம். நாடு விடுதலை பெற்றபின், இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் ஆய்வு செய்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, தொழிற்கல்வி பயில்வோருக்கும் பொதுக்கல்வி வேண்டுமென வலியுறுத்தியது. அண்ணா பல்கலைக்கழகம் 2022ஆம் ஆண்டு முதல் முதலாண்டு மாணவர்க்குத் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்னும் இரு பாடங்களை வகுத்துள்ளது. நெசவு, மட்கலம், கட்டடம், உலோகம், பாசனம், கணித்தமிழ் ஆகியவை இரண்டாம் பாடத்தில் இடம்பெறுகின்றன.

இப்பாடங்கள் வீண் சுமை என்பார் உளர். பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வித்தால் அவர் கூற்று மெய்யாகிவிடும். முன்னோர் பெருமையை மட்டும் பேசினும் பயன் இல்லை. வரலாற்றையும் ஆய்வுக்கூடப் பாடம்போலவே கற்பித்தல் வேண்டும். கல்வெட்டுக் கூறுவது யாது, கதை கூறுவது யாது எனப் பிரித்தறிய மாணவர் பழகவேண்டும். குளக்கரைக்குச் சென்று மடையை அளக்கும் மாணவர், கடைமடை உழவரிடமும் உரையாடவேண்டும். தலைமடைக்கு முதலில் நீர் கிடைப்பது ஏன், நீர் குறைந்த ஆண்டில் யார் வயல் காய்ந்தது என்று அவர் கேட்டறிவாராயின், எந்த நூலும் தராத பாடத்தைப் பெறுவார்.

மாணவர்களே! உங்களுள் பலர் நாளை பொறியாளராவீர்கள். நீங்கள் கட்டும் பாலத்தில் முகமறியாத மக்கள் நடப்பர். நீங்கள் திருப்பும் நீரை நீங்கள் காணாத வயல்கள் பருகும். அம்மக்கள் யாவர், அவர்தம் தேவை யாது, முன்னர் அவருக்கு நேர்ந்த குறை யாது என்பவற்றை அறிந்து பணிபுரியுங்கள். அப்பொழுது, பின்வரும் தலைமுறையினர் உங்கள் பணியைத் தமதாகக் கருதிக் காப்பர்.