ஒரு குடம் நீரும் ஒரு பாத்தியும்

நிலத்துக்குப் பெயரிடும் முறையிலேயே ஒரு வட்டாரத்தின் வேளாண்மை வரலாறு அடங்கியிருப்பது உண்டு. கொங்கு நாட்டில் வாய்க்கால் நீர் பாயும் நிலம் வயல் எனப்படும். மழையை மட்டும் நம்பியிருக்கும் நிலம் காடு. கிணற்று நீர் பாயும் நிலம் தோட்டம். காடு என்னும் சொல்லைக் கேட்டதும் பிற வட்டாரத்தார் மரமடர்ந்த வனத்தை நினைப்பர். கொங்கு உழவரோ சோளமும் கொள்ளும் விளையும் மானாவாரி நிலத்தை நினைப்பார். மூன்று பெயர்களுக்கும் அடிப்படை நீர்.

இம்மூன்றனுள் தோட்டமே கொங்கு வேளாண்மையின் தனி அடையாளம். 1887இல் வெளிவந்த நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடும் கிணற்றுப் பாசன வேளாண்மையை விரிவாகப் பேசுகிறது. அக்காலத்தில் கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவந்தது கவலை. பிற வட்டாரங்களில் இதனைக் கமலை என்பர். தோலால் ஆன பறையை வடத்தில் கட்டிக் கிணற்றுள் இறக்கி, இரண்டு மாடுகளைச் சரிவான வாரியில் ஓட்டி நீரை இழுப்பர். ஒவ்வொரு சாலுக்கும் மாடும் மனிதரும் உழைத்தாக வேண்டும். அவ்வாறு வந்த நீரை வீணாக்க யாருக்கு மனம் வரும்? எனவே தோட்டம் சிறு சிறு பாத்திகளாகப் பகுக்கப்பட்டது. மடை திறந்ததும் நீர் பாத்தியின் மறுமுனையைச் சமமாக எட்ட வேண்டும். எட்டுவதற்குள் தலைமாட்டு மண்ணே அதனைக் குடித்துவிடக் கூடாது. பாத்தியின் நீளமும் அகலமும் இவ்வாறு நீரால் அளக்கப்பட்டவை.

1930களில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. நீரேற்றும் பம்புகள் பரவின. அவற்றைச் செய்யும் தொழிற்கூடங்களும் கோவையிலேயே பெருகின. மாடுகளின் களைப்பு கிணற்றுக்கு இட்டிருந்த எல்லை அத்துடன் நீங்கியது. கிணறு வற்றிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. இன்று ஆயிரம் அடியைத் தாண்டியும் துளையிடுவது இவ்வட்டாரத்தில் புதுமை இல்லை. வீட்டுப் பாத்தியைப் பற்றிய எந்தப் பேச்சும் இவ்விடத்திலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

பொடக்காளியும் மாடியும்

வீட்டின் பின்புறத்தைக் கொங்கு வழக்கில் பொடக்காளி என்பர். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஓடிச் சேரும் அவ்விடத்தில் ஒரு வாழை, சேம்பு, கறிவேப்பிலை, சுவரோரம் ஏறிய அவரை ஆகியவை யாரும் திட்டமிடாமலேயே வளர்ந்தன. பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் இருந்த அச்சிறு நிலத்தின் விளைச்சல் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. குழம்புச் சட்டியில் மட்டும் ஏறியது.

மனைகள் சுருங்கியபோது முதலில் மறைந்தது பொடக்காளியே. கோவை மாநகரில் வீட்டுக்கும் மதிற்சுவருக்கும் இடையே மூன்றடிச் சந்து எஞ்சினால் அது பெரிது. இந்நிலையில், 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்னும் மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. வளர்ப்புப் பைகள், தென்னைநார்க் கழிவு, விதைகள் முதலியன அதில் இருந்தன. மண்ணே இல்லாதவர்களுக்குப் பை ஒரு நல்ல வாயில்தான். எனினும் வெயிலில் பையின் பக்கங்கள் விரைவில் சூடேறும். ஒவ்வொரு பையும் தனித்தனியே வறளும். நான்கடி அகலமும் எட்டடி நீளமும் உள்ள தரை கிடைக்குமாயின், பாத்தியே மேலானது. அதில் வேர்கள் ஒரே மண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன, ஈரமும் பொதுவாகிறது.

மேட்டுப்பாத்தி

பாத்தியின் அகலத்தை முடிவு செய்வது மனிதரின் கை நீளம். இருபுறமும் நின்று நடுப்பகுதியை எட்ட வேண்டுமானால் நான்கடிக்கு மேல் கூடாது. ஒருபுறம் சுவராயின் இரண்டடியே போதும். பாத்திக்குள் கால் வைப்பதில்லை என்பது இம்முறையின் முதல் விதி. ஒருமுறை மிதித்தாலும் மண்ணின் நுண்துளைகள் நசுங்கும். காற்றும் நீரும் இறங்கும் வழி குறையும். மிதிபடாத மண்ணில் வேர் பக்கவாட்டில் பரவ வேண்டிய கட்டாயமின்றிக் கீழ்நோக்கிச் செல்கிறது. செடிகளை நெருக்கி நடமுடிவது இதனால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசு நகரின் ஓரத்தில் காய்கறி விளைவித்தவர்கள், நகரத்துக் குதிரை லாயங்களின் எருவைத் தடிப்பாகப் பரப்பி இத்தகைய நெருக்கப் பாத்திகளை அமைத்தனர். தெருக்களில் மோட்டார் வண்டிகள் பெருகிக் குதிரைகள் குறைந்தபோது அத்தொழிலும் நலிந்தது. அம்முறையை 1960களின் இறுதியில் ஆலன் சாட்விக் என்னும் ஆங்கிலேயர் கலிபோர்னியாவுக்குக் கொண்டு சென்றார். ஜான் ஜீவன்ஸ் 1974இல் நூலாக எழுதிப் பரப்பினார். இரண்டடி ஆழம்வரை மண்ணைக் கிளறிவிடுவது ஜீவன்ஸ் கூறும் வழி. கொங்கு நாட்டின் பல இடங்களில் அது கைகூடாது. ஓரடி தோண்டுவதற்குள் கடப்பாரை சுக்கான் கல்லில் மோதும். இங்கே மண்ணைத் தோண்டுவதைவிட உயர்த்துவது எளிது. சோவியத்து ஒன்றியம் 1991இல் சிதைந்தபின் உரமும் எரிபொருளும் இன்றித் தவித்த கியூபாவின் தலைநகர் ஹவானாவிலும், வளமற்ற தரையின் மேல் சிறு சுவர் எழுப்பி மக்கிய உரத்தை நிரப்பியே காய்கறிப் பாத்திகள் அமைக்கப்பட்டன.

மேட்டுப்பாத்திக்குத் தரையிலிருந்து முக்காலடி முதல் ஓரடி உயரம் போதுமானது. அடியில் காய்ந்த சருகும் சோளத்தட்டும், அவற்றின்மேல் மேல்மண்ணும் தொழுவுரமோ ஆட்டெருவோ கலந்த கலவையும் இடப்படும். கரிசல் மண்ணாயின் சிறிது மணலும், செம்மண்ணாயின் கூடுதல் எருவும் தேவை.

பொள்ளாச்சிப் பகுதியில் மலைபோல் குவியும் தென்னைநார்க் கழிவையும் சேர்க்கலாம். ஆனால் பச்சையாகச் சேர்க்கக் கூடாது. அது தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான நீரைப் பிடித்து வைக்கும் என்பது உண்மை. அதே வேளையில் அதில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 112க்கு 1 என்னும் விகிதத்தில் உள்ளன. அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி வெளிறி நிற்கும். வளர்த்தவரோ விதையின்மேல் பழி போடுவார். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு டன் கழிவுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஐந்து புட்டிச் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்தால், காளான் அக்கழிவின் கடினப் பொருளைச் சிதைக்கிறது. விகிதம் 24க்கு 1 என்னும் அளவுக்கு இறங்குகிறது. நிறமும் செம்பழுப்பிலிருந்து கருமைக்கு மாறும். கடையில் வாங்குவோர் பார்க்க வேண்டிய அடையாளம் அந்நிறமே.

நெருக்கத்தின் அளவு

வயலில் கத்தரிக்கு இரண்டடி இடைவெளி விடப்படுகிறது. களையெடுப்பவர் நடக்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். பாத்திக்குள் யாரும் நடப்பதில்லையாதலால் ஒன்றரை அடி போதும். சதுரமாக நடாமல் முக்கோணமாக, அதாவது அடுத்த வரிசைச் செடி முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேராக வருமாறு நட்டால், அதே இடைவெளியில் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலான செடிகள் அடங்கும். தேனீக்களின் அறுகோண அறைகளில் காணப்படும் கணிதமே இது.

கத்தரி வளர்ந்து குடைவிரிக்க ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் இடைவெளியில் கீரை விதைத்து இருமுறை கிள்ளிவிடலாம். ஓரத்தில் சின்ன வெங்காயம் ஊன்றலாம். அதன் வேர் ஆழமற்றது, கத்தரியோடு போட்டியிடாது. மூலையில் செண்டுமல்லி நிற்பது அழகுக்கு மட்டும் அன்று. அதன் வேர்ப்பகுதி நூற்புழுக்களைக் குறைக்கும். இலைகள் ஒன்றையொன்று தொடும் நிலை வந்தவுடன் மண் நிழலில் மறைகிறது. களை முளைக்க ஒளி கிடைப்பதில்லை.

ஆயினும் நெருக்கத்திற்கு எல்லை உண்டு. ஐப்பசி மழையில் காற்றோட்டமின்றி நிற்கும் தக்காளியிலும் மிளகாயிலும் பூஞ்சை நோய்கள் விரைவில் பரவும். இலைகள் தொட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. பூச்சிகளைப் பொறுத்தவரை சிறு பாத்திக்கு ஒரு நன்மை இருக்கிறது. கத்தரியில் தண்டுத் துளைப்பான் புகுந்த நுனி காலையிலேயே தலை சாய்ந்து காட்டிக்கொடுக்கும். ஏக்கர் நிலத்தில் அதனைத் தேடுவது இயலாது; எட்டுச் செடிகளில் ஐந்து நிமிட வேலை. கிள்ளி அழித்தபின் தேவையெனில் லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்து ஊறவைத்த வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்கலாம். வளர்ச்சிக்குப் பஞ்சகவ்வியத்தை மூன்று விழுக்காட்டுக் கரைசலாகத் தெளிப்போரும் பலர். அதனை வேளாண்மையில் பரவலாக்கியவர் ஈரோடு மாவட்டக் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன் ஆவார்.

காற்றும் நீரும்

பந்தற்காய்களை வடபுறத்தில் ஏற்ற வேண்டும் என்று மேலைநாட்டு நூல்கள் கூறும். கோவை நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை தொலைவில் மட்டுமே உள்ளது. சித்திரை முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் இங்கே வடபுறம் சாய்ந்தே நிற்கும். எனவே அவ்விதி பொருந்தாது. இங்குக் கவனிக்க வேண்டிய திசை மேற்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று மழையைச் சிறிதளவே தந்து ஈரத்தை மிகுதியாகக் கொண்டு செல்கிறது. மேற்கில் அகத்தி வரிசையோ புடலைப் பந்தலோ நின்றால் காற்றும் தணியும், பிற்பகல் வெயிலும் தணியும். ஆடிப்பட்டம் தேடி விதைப்பவர் இத்தடுப்பை அதற்கு முன்பே எழுப்பிவிட வேண்டும்.

மண்ணிலிருந்து ஆவியாவதும் இலைவழி வெளியேறுவதுமாக ஒரு நாளில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் செலவாகிறது எனக் கொள்ளலாம். நான்கடிக்கு எட்டடிப் பாத்தியின் பரப்பு 3 சதுர மீட்டர். எனவே நாளொன்றுக்கு 15 லிட்டர் வேண்டும். அதாவது ஒரு குடம். ஆண்டுக்குச் சுமார் 5,500 லிட்டர். கோவையின் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவினது. அது அப்பாத்தியின்மேல் ஏறக்குறைய 2,000 லிட்டராக விழும், அதுவும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில். எஞ்சிய 3,500 லிட்டரை மனிதர் தர வேண்டும். அதே வீட்டின் 500 சதுர அடிக் கூரையின்மேல் அதே மழை சுமார் 30,000 லிட்டராக விழுகிறது. தமிழகத்தில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அக்குழாய் சேரும் இடம் பாத்திக்கு அருகில் இருக்கிறதா என்பதை வீடு கட்டும்போது எண்ணிப் பார்ப்பவர் மிகக் குறைவு.

மண்ணின்மேல் இரண்டு விரற்கடை அளவு சருகு மூடாக்கு இட்டால் நீர்த்தேவை கணிசமாகக் குறையும். காலையில் வேரடியில் ஊற்றுவது நலம். நண்பகலில் இலைமேல் தெளிப்பது வீண். சாயக்கழிவால் நொய்யலின் கீழ்ப்பகுதிக் கிணறுகள் உவர்ப்பேறிய ஊர்களில் வேறொரு சிக்கல் உண்டு. அங்குக் கிணற்று நீரைக் குடம் குடமாக ஊற்றுவது, உப்பைப் பிடி பிடியாகச் சேர்ப்பதற்கு ஒப்பாகும். அவ்வூர்களில் கூரை நீரே பாத்திக்கு உரிய நீர்.

எவ்வளவு கிடைக்கும்?

சிறு பாத்தி குடும்பத்தின் காய்கறித் தேவை முழுவதையும் தீர்க்கும் என்பது மிகை. பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3 என்னும் கிள்ளுக்கீரை வகை, விதைத்த இருபதாம் நாள் தொடங்கி மூன்று மாதத்திற்குள் பத்து முறை கிள்ளப்படுகிறது. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 30 டன் விளைகிறது. 3 சதுர மீட்டர்ப் பாத்திக்கு அது 9 கிலோ. நாள்தோறும் 100 கிராம். நால்வர் கொண்ட குடும்பத்தில் தலைக்கு 25 கிராம். ஒருவர் நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் உண்ண வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. பதினாறில் ஒரு பங்கையே அப்பாத்தி தருகிறது.

ஆயினும் எந்தப் பதினாறில் ஒன்று என்பதில்தான் செய்தி உள்ளது. வெங்காயமும் பூசணியும் சந்தையில் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். பறித்த சில மணி நேரத்தில் வாடி, உயிர்ச்சத்து சியை இழக்கத் தொடங்குவது கீரை. கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் நாள்தோறும் தேவைப்படுகின்றன. ஆனால் சிறிதளவே தேவைப்படுகின்றன. எனவே முதற்பாத்தியைக் கீரைக்கும் மணமூட்டும் இலைகளுக்கும் நான்கைந்து மிளகாய்ச் செடிகளுக்கும் ஒதுக்குவது அறிவுடைமை. வெண்டையும் தக்காளியும் இரண்டாம் பாத்திக்கு உரியவை. இரண்டாவது குடம் நீரைத் தர முடியுமா என்பதை அறிந்தபின் அதனை அமைக்கலாம்.

பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைத்தால் கீரை ஒரே நாளில் முற்றும். நான்கு கட்டங்களாகப் பகுத்து வாரம் ஒரு கட்டம் விதைப்பதே வழக்கம். கீரை விதை கடுகினும் சிறியது. ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோ என்னும் கணக்கில் இப்பாத்தி முழுமைக்கும் ஒரு கிராமுக்கும் குறைவாகவே வேண்டும். அவ்வளவு சிறிய விதை கைவிரலுக்குள் அடங்காது. பத்து மடங்கு மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். கிள்ளாமல் விட்ட இரண்டு தண்டுகள் பாத்தியின் ஓரத்தில் பூத்துக் கதிர் முற்றும். அவற்றை அறுத்து நிழலில் உலர்த்தி, முறத்தில் தட்டிப் புடைத்து, சாம்பல் கலந்து சிறு புட்டியில் இட்டு வைத்தால் அடுத்த பட்டத்திற்குக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை.